ஏலச்சீட்டு 1 லட்சம், 20 மாதம்: எப்போது எடுத்தால் என்ன வட்டி விழுகிறது?

#1 மாசக்கடைசி

பதிவு செய்த கம்பெனி ஒன்றில் 20 பேர் சீட்டு. மாதம் 5,000, சீட்டுத் தொகை 1,00,000. கம்பெனி கமிஷன் 5%. தள்ளு, அதாவது சீட்டை எடுப்பவர் ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை, அதிகபட்சம் 30,000 வரைதான் போகலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. தள்ளில் கமிஷன் போக மீதியை 20 பேருக்கும் பிரித்துத் தவணையில் குறைப்பதுதான் கழிவு. இதே கிளையில் முடிந்துபோன ஒரு குழுவின் ஏலக் கணக்கு இப்படி:

1ஆம் மாதம்: கம்பெனி எடுத்தது, தள்ளு இல்லை. கட்டியது 5,000
2 முதல் 6 வரை: தள்ளு 30,000. ஆளுக்குக் கழிவு 1,250. கட்டியது 3,750
7 முதல் 10 வரை: தள்ளு 24,000. கழிவு 950. கட்டியது 4,050
11 முதல் 15 வரை: தள்ளு 16,000. கழிவு 550. கட்டியது 4,450
16 முதல் 19 வரை: தள்ளு 9,000. கழிவு 200. கட்டியது 4,800
20ஆம் மாதம்: தள்ளு 5,000, அது கமிஷனுக்கே சரி. கட்டியது 5,000

20 மாதமும் கட்டினால் மொத்தம் 86,400. 2ஆம் மாதமே எடுத்தால் கையில் 70,000. வித்தியாசம் 16,400. எழுபதாயிரத்துக்கு 16,400 என்றால் 23.4%. அது 20 மாதத்துக்கு, ஆக வருடத்துக்கு 14% சுமார். நகைக்கடனைவிடக் கொஞ்சம்தான் அதிகம், பேங்க் பர்சனல் லோன் அளவுதான். இந்தக் கணக்கு சரியா?

#2 கணக்குப்புள்ள

கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. வட்டி மட்டும் தப்பு. பாதிக்கும் கீழே காட்டுகிறது.

எழுபதாயிரம் 20 மாதமும் உங்கள் கையில் இருப்பதுபோல வகுத்திருக்கிறீர்கள். அப்படி இருக்காது. 2ஆம் மாத ஏலத்தன்று உங்களுக்கு வருவது 70,000. அதற்குள் முதல் மாதம் 5,000 கட்டியாச்சு, அன்றைய தவணை 3,750 கட்டணும். ஆக உண்மையில் கடனாக வந்தது 61,250தான். அடுத்த மாதத்திலிருந்தே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுகிறீர்கள். மிச்சம் 18 தவணையில் கட்டுவது 77,650. வித்தியாசம் அதே 16,400.

ஆனால் அந்த 18 மாதத்தில் சராசரியாக உங்களிடம் நிற்கும் கடன் 36,000 சொச்சம்தான். 36,000க்கு ஒன்றரை வருடத்தில் 16,400 வட்டி. வகுத்துப் பாருங்கள், வருடத்துக்கு 30%. துல்லியமாகப் போட்டாலும் மாதம் 2.5%தான் வருகிறது. ஊர் பாஷையில் சொன்னால் நூற்றுக்கு ரெண்டரை ரூபாய் வட்டி.

இதில் ஜிஎஸ்டி சேர்க்கவில்லை. கமிஷன் 5,000க்கு 18% என்றால் 900 ரூபாய். சீட்டு எடுக்கும் அன்று உங்கள் தொகையில் பிடித்துக்கொண்டால் வட்டி மாதம் 2.7% கிட்டே போகும்.

#3 மஞ்சப்பை

"கழிவு கிடைக்குதே, வட்டி கம்மிதான்" என்று ஏஜென்ட் சொல்லும் கணக்கு இதுதான். அந்தக் கழிவும் நீங்கள் விட்டுக்கொடுத்த தள்ளிலிருந்துதான் வருகிறது. 30,000 தள்ளிவிட்டு 1,250 திரும்ப வாங்குகிறோம்.

#4 தாமிரபரணி

கணக்குப்புள்ள சொன்ன 30% கணக்கு சரி. ஆனால் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ண அது சரியான எண் இல்லை என்பது என் கட்சி.

சீட்டில் சேர்ந்தாச்சு. இனி எப்போது எடுத்தாலும் தவணை ஒன்றுதான், 86,400 கட்டித்தான் ஆகணும். மாறுவது ஒன்றே ஒன்று: இன்றைக்கு 70,000 வேண்டுமா, கடைசி மாதம் 95,000 வேண்டுமா? 2ஆம் மாதத்திலிருந்து 20ஆம் மாதத்துக்கு 18 மாதம். 70,000 பதினெட்டு மாதத்தில் 95,000 ஆகணும் என்றால் கூட்டு வட்டியில் மாதம் 1.7% வளரணும். அதாவது நீங்கள் விட்டுக்கொடுப்பது ஒண்ணே முக்கால் வட்டிக்குக் கொஞ்சம் கம்மி.

ஜிஎஸ்டி எப்போது எடுத்தாலும் அதே 900 என்பதால் இந்த ஒப்பீட்டில் அது அடிபட்டுப் போய்விடும்.

வீட்டில் நகை இருக்கிறது, மாதம் 1% வட்டியில் வைக்கலாம் என்று வையுங்கள். 70,000க்கு 18 மாத வட்டி 12,600. சீட்டை எடுக்காமல் கடைசி வரை இருந்து 95,000 வாங்கி, அதில் 82,600 கொடுத்து நகையை மீட்டால் கையில் 12,400 மிச்சம். சீட்டை 2ஆம் மாதம் எடுத்தவருக்கு அது கிடையாது. ஒன்றை மறக்கக்கூடாது: மொத்தமாகக் கட்டி மீட்கும் நகைக்கடன் 12 மாதத்துக்குத்தான். வருடம் முடிந்ததும் 8,400 வட்டியைக் கட்டித்தான் மறுபடி வைக்க முடியும். அந்த 8,400ஐ முன்கூட்டியே எடுத்து வைக்காவிட்டால் இந்தத் திட்டம் நடுவழியில் படுத்துவிடும்.

#5 கணக்குப்புள்ள

ஒத்துக்கொள்கிறேன். "சீட்டில் சேர்ந்து உடனே எடுக்கலாமா, அல்லது சேராமலே கடன் வாங்கலாமா" என்று கேட்டால் வருடத்துக்கு 30%, அதாவது மாதம் 2.5%. "சேர்ந்தாச்சு, இப்போ எடுக்கலாமா" என்று கேட்டால் மாதம் 1.7%. மாசக்கடைசி இன்னும் சேரவில்லை என்றால் முதல் எண்தான் அவருக்கு.

#6 மாசக்கடைசி

இன்னும் சேரவில்லை. சரி, ரொம்ப முன்னாடியும் வேண்டாம், கடைசியும் வேண்டாம், நடுவில் 10ஆம் மாதம் எடுத்தால்? தள்ளும் 24,000ஆகக் குறைந்துவிடுகிறதே. எக்செல்லில் ஐஆர்ஆர் (கட்டியது, வாங்கியது இரண்டையும் வைத்து வட்டி கண்டுபிடிக்கும் சூத்திரம்) போட்டுப் பார்த்தேன், பதிலே வரவில்லை, பிழை என்று காட்டுகிறது.

#7 கணக்குப்புள்ள

பிழை உங்களுடையது இல்லை. அங்கே விடையே கிடையாது.

முதலில் எக்செல் போடும் முறை, மற்றவர்களுக்கும் உதவும். ஒரு பத்தியில் 1 முதல் 20 வரை மாதம். பக்கத்துப் பத்தியில் கட்டும் தொகையை மைனஸில் போடுங்கள். சீட்டு எடுக்கும் மாதத்தில் மட்டும், வாங்கும் தொகையிலிருந்து அந்த மாதத் தவணையைக் கழித்து பிளஸில். 2ஆம் மாதம் எடுத்தால் 66,250. பிறகு ஐஆர்ஆர். வருவது மாத வட்டி, 12ஆல் பெருக்கினால் வருட வட்டி. கம்பெனி கழிவை அதே மாதத்தில் தராமல் அடுத்த மாதத் தவணையில் கழிப்பதாக இருந்தால், தவணைகளை ஒரு வரி தள்ளிப் போடணும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்க்கும்போது இது தெரியாமல் குழம்புவார்கள்.

10ஆம் மாதத்தில் என்ன ஆகிறது? பாதிக் காலம் நீங்கள் சேமிக்கிறவர், மீதிப் பாதி கடன்காரர். முதலில் மைனஸ், நடுவில் ஒரு பிளஸ், மறுபடி மைனஸ். இப்படி இரண்டு தடவை குறி மாறினால் ஐஆர்ஆருக்கு இரண்டு விடை வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். உங்கள் எண்களுக்கு ஒன்றுமே வராது. அதனால் கையால் பிரிப்போம்.

10ஆம் மாதம் வரை, அன்றைய தவணையும் சேர்த்து, கட்டியது 39,950. அன்று வாங்குவது 76,000. அதில் 39,950 உங்கள் சொந்தப் பணம். உண்மையான கடன் 36,050. அதற்கு அடுத்த 10 மாதத்தில் கட்டுவது 46,450. பத்து மாதத்தில், அதுவும் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் கடனுக்கு, 10,400 வட்டி. மாதம் 4.8% வருகிறது. முதல் ஒன்பது மாதம் சேமித்த பணத்துக்கு ஒரு ரூபாய்கூட வட்டி வேண்டாம் என்று விட்ட பிறகும் இவ்வளவு.

தள்ளு தொகை குறைந்திருக்கிறதே என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். 30,000 தள்ளினவர் 61,250 கடனை 18 மாதம் வைத்துக் கட்டினார். நீங்கள் 24,000 தள்ளி, 36,050ஐ 10 மாதம்தான் வைத்திருப்பீர்கள். எங்கள் பக்கம் சீட்டில் அதிகம் அடிபடுவது இந்த நடுவில் எடுக்கிற ஆள்தான். முன்னாடி எடுப்பவருக்காவது அவசரம் என்று ஒரு காரணம் இருக்கும்.

#8 மஞ்சப்பை

அஞ்சு வட்டி! கந்துவட்டிக்குப் பக்கத்து வீடு.

#9 தாமிரபரணி

இதற்கும் என் முறையில் பாருங்கள். 76,000 இன்று, அல்லது 95,000 பத்து மாதம் கழித்து. கூட்டு வட்டியில் மாதம் 2.26%. அதுவும் நல்ல விலை இல்லை, ஆனால் முடிவெடுக்க இந்த எண் போதும்.

ஏலத்துக்குப் போகிறவர் கையில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு தருகிறேன். வெளியே உங்களுக்குக் கடன் என்ன வட்டிக்குக் கிடைக்கும் என்று நேர்மையாக எழுதிக்கொள்ளுங்கள். மிச்சம் எத்தனை மாதம் என்று பாருங்கள். வட்டியையும் மாதத்தையும் பெருக்கி நூறோடு கூட்டினால் ஒரு எண் வரும். 95,000ஐ அதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அதற்குக் கீழே சீட்டை எடுக்கக்கூடாது.

வெளியே ஒரு வட்டிக்கு, அதாவது மாதம் 1%க்கு, நகைக்கடன் கிடைக்கும் என்றால்:
2ஆம் மாதம், மிச்சம் 18: 95,000ஐ 118ஆல் வகுத்து நூறால் பெருக்க 80,500. தள்ளு 19,500க்கு மேல் போகாதீர்கள்.
6ஆம் மாதம்: தள்ளு 16,600 வரை.
10ஆம் மாதம்: 13,600 வரை.
15ஆம் மாதம்: 9,500 வரை.
18ஆம் மாதம்: 6,800 வரை.

நகையும் இல்லை, பேங்கும் தராது, வெளியே ரெண்டு வட்டிதான் என்றால் 2ஆம் மாதம் தள்ளு 30,100 வரை தாங்கும். அதனால்தான் ஆரம்ப மாதங்களில் எல்லாரும் உச்சத்தில் போய் முட்டுகிறார்கள். வெளியே ரெண்டு வட்டி, மூணு வட்டிக்கு வாங்கிச் சரக்கெடுக்கும் வியாபாரிக்கு அது நஷ்டம் இல்லை. ஆனால் ரெண்டு வட்டிக்கு வாங்கும் ஆளுக்கும் 10ஆம் மாதம் 20,800தான் எல்லை. 24,000 தள்ளுவது அவருக்கும் கட்டாது.

#10 சிறுவாடு

தாமிரபரணி கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு விஷயம் வரும். பணத் தேவையே இல்லாதவர்கூட சில மாதங்களில் எடுக்கணும்.

எஃப்டி 6.5% தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10ஆம் மாதம் தள்ளு 9,800க்குக் கீழே இறங்கிவிட்டால், 90,200 வாங்கி எஃப்டியில் போட்டால் 20ஆம் மாதம் 95,000ஐத் தாண்டும். 15ஆம் மாதம் இந்த எல்லை 7,500. 18இல் 6,000. வியாபாரிகள் எல்லாரும் முன்னாடியே எடுத்துவிட்டு, பின்பாதியில் மாதச் சம்பளக்காரர்கள் மட்டும் மிஞ்சிய குழுவில் தள்ளு இப்படி விழுவதுண்டு. "நான் கடைசி ஆள், எனக்கென்ன" என்று ஏலத்துக்கே வராமல் இருப்பவர்கள் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

இதில் இன்னொரு வசதி ஜாமீன். 10ஆம் மாதம் எடுத்தால் மிச்சம் 10 தவணை, 50,000க்கு கம்பெனி ஜாமீன் கேட்கும். சம்பளச் சான்றோடு அரசு ஊழியர் கையெழுத்து, சொத்துப் பத்திரம், எல்ஐசி பாலிசி என்று அலையாமல், வாங்கின பணத்திலிருந்தே 50,000க்கு எஃப்டி போட்டு அதை ஈடாகக் கொடுக்கலாம் என்பதைப் பல கிளைகள் ஒத்துக்கொள்ளும். மீதி 40,000 உங்கள் இஷ்டம்.

#11 மாசக்கடைசி

கல்யாணச் செலவுக்கு 5ஆம் மாதம் எடுக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அதுவும் வேண்டாமா?

#12 கணக்குப்புள்ள

வட்டியை விடுங்கள். 5ஆம் மாதம் உங்களுக்குக் கிடைக்கும் என்பதே உறுதி இல்லை.

உங்கள் பட்டியலில் 2 முதல் 6 வரை தள்ளு அசையாமல் 30,000இல் நிற்கிறது, கவனித்தீர்களா? உச்சவரம்பு அது. அதற்கு மேல் கேட்க முடியாது என்பதால் நாலைந்து பேர் அதே 30,000க்கு வந்து நிற்பார்கள். அப்போது ஏலம் முடிந்து குலுக்கல். சீட்டில் பெயர் எழுதிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். 5 பேர் நின்றால் உங்களுக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு மூன்று மாதம் தொடர்ந்து குலுக்கலில் விழவில்லை என்றால், தேதி நெருங்கும்போது வெளியே மூணு வட்டிக்குத்தான் ஓடணும், சீட்டுத் தவணையும் கூடவே கட்டணும். குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட தொகை வேண்டும் என்றால் சீட்டு அதற்கான கருவி இல்லை.

பணம் கைக்கு வரவும் நாளாகும். ஏலம் முடிந்த அன்றே தரமாட்டார்கள். ஜாமீன் காகிதம் எல்லாம் சரிபார்த்து முடிய நீங்கள் எவ்வளவு தயார் நிலையில் இருக்கிறீர்களோ அவ்வளவு நாள். ஜாமீன்தாரர் சம்பளச் சான்று பழசு, கையெழுத்து பேங்க் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, பத்திரத்துக்கு வில்லங்கச் சான்று இல்லை என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ஏலத்துக்கு முன்பே ஜாமீன் காகிதத்தைக் கிளையில் காட்டி வாயால் ஒரு சரி வாங்கிவிடுங்கள்.

#13 முத்திரைத்தாள்

இவ்வளவு நேரம் எல்லாரும் வட்டியையே பேசுகிறீர்கள். சீட்டில் முதல் கேள்வி, பணம் திரும்பி வருமா என்பது.

சீட்டு நிதிச் சட்டம், 1982. இதன்படி கம்பெனி பதிவானால் மட்டும் போதாது. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகச் சீட்டுப் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்கணும். அந்தக் குழுவின் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யணும். எல்லா இடமும் நிரம்பி, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளர் பெயரில் கட்டிய பிறகுதான் தொடக்கச் சான்று கிடைக்கும். அதற்குப் பிறகுதான் முதல் ஏலம். "கம்பெனி பதிவு எண் இதோ" என்று வாசலில் போர்டு தொங்குவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்கள் குழுவுக்கான முன் அனுமதி ஆணை எண்ணும் தேதியும் என்ன என்று கேளுங்கள். ஒப்பந்த நகலில் இருக்கணும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்திலேயே சரிபார்க்கலாம்.

கமிஷன் உச்சவரம்பு 5%ஆக இருந்தது. 2019 திருத்தத்தில் 7% ஆனது. உங்கள் கம்பெனி 5% என்றால் நல்லது. 7% என்றால் கடைசி ஆளுக்கு 95,000 இல்லை, 93,000. மேலே போட்ட கணக்கு எல்லாம் அதற்கேற்ப இறங்கும்.

முதல் மாதம் தள்ளு இல்லாமல் கம்பெனி முழுசாக எடுத்துக்கொள்வதைப் பார்த்துப் பலர் மோசடி என்று நினைக்கிறார்கள். சட்டத்தில் இடம் உண்டு, ஒப்பந்தத்தில் அது எந்தத் தவணை என்று எழுதியிருக்கணும், கம்பெனியும் ஒரு இடத்துக்குத் தவணை கட்டிக்கொண்டு வரணும்.

ஏலத்துக்குக் குறைந்தது இரண்டு சந்தாதாரர் இருக்கணும். 2019க்குப் பிறகு வீடியோ வழியாக வந்தாலும் கணக்கு. ஏல நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்து வாங்கி, 21 நாளுக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்யணும். கிளையில் அந்தக் குறிப்பைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

#14 தெருமுனை

எங்க ஏரியால பாதி சீட்டு கம்பெனி இல்லாத சீட்டுதான். கமிஷன் கம்மி, ஜாமீன் இல்ல, ஜிஎஸ்டி இல்ல. நடத்துறவங்க தெரிஞ்சவங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?

#15 முத்திரைத்தாள்

முன் அனுமதி இல்லாமல் சீட்டு நடத்துவது குற்றம், 2 ஆண்டு வரை சிறை. அது நடத்துபவருக்கு. உங்களுக்கு என்ன நஷ்டம் என்றால், பதிவு செய்த சீட்டில் தகராறு வந்தால் பதிவாளரிடமே மனுப் போட்டு நடுவர் தீர்ப்பு வாங்கலாம். பதிவில்லாத சீட்டுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். போலீஸ் புகார், சிவில் வழக்கு இரண்டுதான். ஆள் தலைமறைவு என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவு, 1997ஆம் வருடத்து முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று போகும், வருடக்கணக்கில் இழுக்கும்.

போலீஸ் முதலில் கேட்பது, பணம் கொடுத்ததற்கு ஆதாரம் எங்கே என்று. 40 பக்க நோட்டில் பேனாவால் டிக் அடித்திருப்பதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. இதிலும் சேர்ந்துதான் தீருவேன் என்பவர்கள் பணத்தை ஜிபே, பேங்க் வழியாக மட்டும் அனுப்புங்கள், குறிப்பில் "சீட்டு 7வது தவணை" என்று எழுதுங்கள். ரொக்கம் என்றால் அன்றே தேதியோடு கையெழுத்து.

சீட்டு எடுத்தவர் கட்டாமல் போனால் பிடிக்க, எடுக்கும்போதே மிச்சத் தவணைக்குப் புரோநோட்டு வாங்கிக்கொள்வார்கள். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து, தேதி, தொகை எழுத்தால், இரண்டு சாட்சி இருந்தால் நல்லது. தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போடணும். செக் வாங்கி வைத்தால், அதில் போட்ட தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பேங்கில் போடணும். திரும்பினால், பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாள் அவருக்கு அவகாசம், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஒரு நாள் தவறினாலும் சிக்கல்தான்.

#16 தெருமுனை

ஜாமீன் இல்லாம நடக்குறதுதான் பிரச்சனையோட ஆரம்பம்னு இப்ப புரியுது. முன்னாடி எடுக்குறவன் கட்டாம விட்டா, கடைசி ஆளுக்குப் பணம் எங்கிருந்து வரும், நடத்துறவங்க பாக்கெட்ல இருந்துதான். அவங்க பாக்கெட் எவ்வளவு பெருசுன்னு யாருக்குத் தெரியும்.

#17 சிறுவாடு

கடைசி வரை இருக்கும் சேமிப்பாளர் பக்கக் கணக்கையும் போட்டுவிடுகிறேன், யாரும் முழுசாகப் போடவில்லை.

86,400 கட்டி 95,000 வாங்கினால் லாபம் 8,600. எக்செல்லில் மாதம் 1.03%, வருடத்துக்கு 12.4%. ஜிஎஸ்டி 900 பிடித்தால் லாபம் 7,700, வருடத்துக்கு 11%. அதே தேதிகளில் அதே தொகையை 6.5% வட்டிக்கு பேங்கில் போட்டு வந்திருந்தால் வட்டி சுமார் 4,400. ஆக சீட்டில் கூடக் கிடைப்பது 3,300 ரூபாய், 20 மாதத்துக்கு.

அந்த 3,300க்காக எதை விடுகிறோம்? பேங்க் மூழ்கினால் 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. சீட்டுக்கு அது கிடையாது. ஆர்டியை நடுவில் உடைத்தால் வட்டி கொஞ்சம் குறையும், அசல் முழுசாக வரும். சீட்டை நடுவில் நிறுத்த முடியாது. மேலும் 11% என்பது இந்தக் குழுவில் தள்ளு இவ்வளவு போனதால். அடுத்த குழுவில் ஆரம்பத்திலேயே தள்ளு 15,000இல் நின்றுவிட்டால் கழிவு சுருங்கி, உங்கள் லாபம் ஆர்டிக்குக் கீழே போய்விடும். முடிந்த குழுவின் பட்டியலைக் காட்டுகிறார்களே தவிர, வரப்போகும் குழுவுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

போஸ்ட் ஆபீஸ் ஆர்டியோடு இதை ஒப்பிட வேண்டாம். 6.7% என்று வட்டி கொஞ்சம் கூடத்தான், ஆனால் அது 5 வருடக் கணக்கு. மூன்று வருடம் ஆகாமல் மூட முடியாது, மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான்.

#18 மஞ்சப்பை

அதையும் தாண்டிச் சீட்டில் சேர்கிறார்கள் என்றால் ஒரே காரணம், ஆர்டியை உடைக்கலாம், சீட்டை உடைக்க முடியாது. கை ஓட்டை உள்ளவர்களுக்கு அதுதான் பூட்டு. அந்தப் பூட்டுக்கு விலை இருக்கிறது என்று தெரிந்து சேர்ந்தால் தப்பில்லை.

#19 கணக்குப்புள்ள

பூட்டு சரி, தவணை தவறினால் என்ன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எடுக்காதவர் ஒரு தவணை தாமதித்தால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த மாதக் கழிவு போச்சு, அதாவது 3,750க்குப் பதில் 5,000 கட்டணும். மேலே தாமத வட்டியும் உண்டு. 2 முதல் 6 வரையிலான மாதத்தில் ஒரே ஒரு தடவை தவறினால் 1,250 நஷ்டம்; சிறுவாடு சொன்ன 3,300இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. தொடர்ந்து தவறினால் பெயரை நீக்கிவிடலாம். நீக்கினால் கட்டின பணம் அன்றே திரும்பாது, உங்கள் இடத்துக்கு வேறு ஆள் வரணும், பிடித்தம் போகத்தான் வரும்.

எடுத்தவர் தவறினால் கதை வேறு. மிச்சமுள்ள எல்லாத் தவணையையும் ஒரே தடவையில் கட்டு என்று கேட்க கம்பெனிக்கு உரிமை உண்டு. ஜாமீன் போட்டவர் சம்பளத்துக்கும் நோட்டீஸ் போகும். அதனால் அடுத்தவர் சீட்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும்போது, மிச்சத் தவணை எத்தனை, கழிவு போகாமல் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். 2ஆம் மாதச் சீட்டுக்குப் போடும் கையெழுத்து 90,000க்கான பொறுப்பு. 16ஆம் மாதத்துக்கு 20,000தான்.

#20 மாசக்கடைசி

புரிந்தது. கல்யாணத்துக்குச் சீட்டை நம்பவில்லை. 5,000 சீட்டுக்குப் பதில் பேங்க் ஆர்டி 5,000, குறை விழுந்தால் நகை. சேர்வதாக இருந்தால் முன் அனுமதி எண் வாங்கிக்கொண்டு, கடைசிப் பாதியில் மட்டும் ஏலத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ஏலத்துக்கு நேரில் போக முடியாத மாதம் என்ன செய்வது?

#21 தாமிரபரணி

கிளையில் எழுத்து மூலமாக அதிகாரம் கொடுத்து வேறு ஒருவரை அனுப்பலாம். கடிதத்தில் குழு எண், உங்கள் இட எண், எந்த மாத ஏலம், தள்ளு எவ்வளவு வரை போகலாம் என்று எண்ணிலும் எழுத்திலும் போடுங்கள். தொகையைக் காலியாக விட்டு ஏஜென்டிடம் கையெழுத்து மட்டும் கொடுக்காதீர்கள். சீட்டு எவ்வளவு சீக்கிரம் எடுபடுகிறதோ அவ்வளவு நல்லது என்பது அவர் கணக்கு. நேரில் போனாலும் அதே எல்லையை ஒரு துண்டுத்தாளில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட ஏலத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் நூறு நூறாக ஏற்றும்போது கணக்குப் போட நேரம் இருக்காது.

#22 முத்திரைத்தாள்

கடிதத்தின் நகலில் கிளையின் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.